மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

“பார்த்ததைச் சொல்லு. அதுக்கு மேலே ஒரு வார்த்தை சொன்னியோ…” அதற்குப் பிறகு பெரியப்பா என்ன சொல்வார், அதுதான் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் அவர், சாட்சி சொல்லப் போகிறவர்கள் பயந்துபோய் வீட்டுக்கு வந்து நிற்பார்கள், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர்களிடம் அவர் சொல்வது உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் எனக்குப் பாதிதான் கேட்கும். சொன்னியோ, கேஸ் போச்சு என்பாரா. சொன்னியோ, அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிராளி வக்கீல் பிடிப்பான் என்பாரா. எதுவாகவும் இருக்கட்டும், அவர் போய்ச் சேர்ந்தாயிற்று, நான் சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை, முக்காலியில் உட்கார்ந்து நீலக் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல், அதன் தலைமாட்டில் நான் இறக்கிய சாயச் சொட்டுகள், மின்சாரம் கொடுத்ததும் அவை நெரிசலில் இடித்துக்கொண்டு ஒரே கோடாகி, பிறகு அவசரமே இல்லாமல் கீழே, இன்னும் கீழே. முன்னால் கனத்த பிளாஸ்டிக் தடுப்பு, கையில் இரட்டை உறை, சட்டைப் பையில் கதிர்வீச்சை அளக்கும் அட்டை. கதிர் வீசும் பாஸ்பரஸ் இருக்கிற அறை, ஆகவே வாசலில் தரையோடு ஒரு மஞ்சள் கோடு, அந்தக் கோட்டைத் தாண்டி வர எங்கள் டைரக்டருக்குப் பயம். இன்றைக்கு மத்தியானம் இந்த ஜெல்லை நான் ஓட்டுவதற்கு அதைவிட நல்ல காரணம் எதுவும் கிடையாது. ஐந்து மணிக்குக் கீழே அரங்கத்தில் பத்திரிகைக்காரர்கள், டிவிக்காரர்கள். அதற்கு முன்னால் காப்புரிமை விண்ணப்பத்தின் உறுதிமொழியில் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். உறை போட்ட கையால் பேனாவைத் தொடக்கூடாது. கோடு அடியைத் தொடும்வரை உறையைக் கழற்றுவதற்கில்லை. அதுவரை நான் யாருக்கும் அகப்படாதவன், ஒரு நீலச் சாயத்தின் தயவில்.

ஜெல்லுக்குள் இருப்பது பதினேழு. முறையான பெயர் இன்னும் வைக்கவில்லை, முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது பதினேழாவது குழாயில் இருந்தது, அதுவே ஒட்டிக்கொண்டது. மனித உடம்பில் இருக்கிற ஒரு புரதம், கைனேஸ் வகை. அக்காவிடம் ஒருமுறை சொன்னேன், கைனேஸ் என்பது மற்றப் புரதங்களுக்குப் பொட்டு வைக்கிற புரதம், பாஸ்பேட் என்று ஒரு பொட்டு. “பொட்டு வச்சா என்னலே ஆகும்?” “பொட்டு வச்சதும் அது வேலைக்குக் கிளம்பும்.” “எங்க வீட்ல உன் மருமகளுவ பொட்டு வச்சிக்கிட்டு செல்போனோட உக்காந்தேல்லா இருக்காளுவ” என்றாள். அப்படி ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்கள் நம்மிடம் இருக்கின்றன, அவற்றின் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லைசின் என்கிற கண்ணி இருக்க வேண்டும், அந்தக் கண்ணி இல்லாததைச் செத்தது என்று ஒதுக்கிவிடுவார்கள், உருவம் மட்டும் இருக்கிறது, உயிர் இல்லை என்று. பதினேழில் அந்தக் கண்ணி இல்லை. பனி கொட்டுகிற அந்த ஊரில் என் பழைய பேராசிரியர் திரையில் கண்ணிகளின் வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் டெட் என்றார். ஒரே வார்த்தை, கையிலிருந்த காபியைக் கீழே வைக்கக்கூட இல்லை. பக்கத்து மடிப்பில் ஒரு லைசின் இருக்கிறதே, அது எட்டிக் கைகொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தார். நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு என் தட்டில் அவரே பரிமாறுவார், ஆனால் சிரித்தார். எல்லோரும் வெளிநாட்டிலிருந்து சாக்லேட் கொண்டுவருகிறார்கள், நான் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தேன். இங்கேயும் அதேதான், கமிட்டியில் ஒருவர், செத்த புரதத்தை வைக்க எதற்கு இவ்வளவு விலையில் ஐஸ்பெட்டி, மார்ச்சுவரி நடத்துகிறீர்களா என்றார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அங்கே விலைபோகாததால்தான் இங்கே வந்திருக்கிறான் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது டீ வாங்கப் போன இடத்தில் என் காதில் விழுந்தது. விழட்டும். இல்லை, அது உயிரோடு இருக்கிறது என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். என் மனைவிகூட ஒருநாள், இதையே கட்டியிருக்கலாம் நீங்க என்றாள். கடைசியில் மெக்னீசியத்தை எடுத்துவிட்டு மாங்கனீசு கொடுத்துப் பார்த்தோம், எல்லாரும் கொடுக்கிற தீனியை அது தின்னவில்லை, அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், தொட்டியில் ஆட்டிக்கொண்டிருந்த ஃபிலிமில், கதிர் வீசும் பொட்டு விழுந்த இடம்தான் அதில் கறுக்கும், மையால் இழுத்ததுபோல ஒரு கறுப்புப் பட்டை எழுந்து வந்தபோது நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். இருக்கிறாயடா என்றேன். தமிழில்தான்.

ஆனால் ஃபிலிமில் அதற்குப் பக்கத்தில், செத்த புரதம் ஓடிய பாதை வெறுமையாக இருந்ததால்தான் அந்தக் கறுப்புக்கு மதிப்பு. இதை வெளியே யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. உயிருள்ளதை ஓட்டினால் செத்ததையும் பக்கத்தில் ஓட்ட வேண்டும், இது என் லேபில் சட்டம். பதினேழில் கைகொடுக்கிற அந்த ஒரு லைசினை மாற்றிவிட்டால் அது நிஜமாகவே செத்துப்போகும், மற்றதெல்லாம் அச்சு அசல் அதே. இரண்டையும் ஒரே மாதிரி செய்து ஒரே ஜெல்லில் ஓட்டு. உயிருள்ளது கறுத்துச் செத்தது வெளுத்திருந்தால் வேலையைச் செய்தது நம் ஆள். இரண்டும் கறுத்தால் கூட வந்த எவனோ செய்திருக்கிறான், நம் ஆளுக்குப் பங்கில்லை. கதவு திறக்கிறது, பியூலா, நாகர்கோவில்காரி, என்னோடு பத்து வருஷமாக இருக்கிற விஞ்ஞானி, டைரக்டர் தாண்டாத கோட்டைச் செருப்புச் சத்தத்தோடு தாண்டி வருகிறாள். “சார், பதினேழார் எங்க வரைக்கும் வந்திருக்காரு?” “பாதி.” “செத்தவரு?” “அவரும் கூடவே.” “கூட்டிக்கிட்டு வந்தீங்களே, புண்ணியமாப் போச்சு. அன்னைக்குத்தான் அவரை வீட்டுல விட்டுட்டு வந்தோம்.” அவள் சொல்வது கீறல் பரிசோதனையை. ஒரு தட்டில் செல்களைப் புல்தரைபோல வளர்த்து, பிளாஸ்டிக் முனையால் நடுவே ஒரு கோடு கீறிவிட்டு, இரண்டு கரையும் எவ்வளவு சீக்கிரம் சேர்கிறது என்று பார்ப்பது. பதினேழை ஊற்றினோம், கரைகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு ஓடி வந்தன, கீறல் மூடிக்கொண்டது. ஆற்றின் குறுக்கே ஜனங்கள் கைகோத்து நடப்பதுபோல அழகாக இருந்தது. டைரக்டர் வந்தார், வீடியோ எடுத்துக்கொண்டார், யார் யாருக்கோ அனுப்பினார். அந்தக் கொண்டாட்டத்தில் செத்ததை ஊற்றிப் பார்க்கவில்லை. பிறகு பியூலா ஊற்றினாள், என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியைக் காட்டினாள். செத்ததும் மூடியிருந்தது. அதே வேகம், அதே அழகு. மறுபடி செய்தோம், மறுபடியும் அப்படியே. “வேற எவனோ செஞ்ச வேலை சார். நம்மாளுக்கு மாலை போட்டாச்சு” என்றாள் அன்றைக்கு. புரதத்தைத் தயாரிக்கிற பூச்சிச் செல்களிலிருந்து ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், உப்பாகக்கூட இருக்கலாம், தெரியாது. தெரியாது என்பது எவ்வளவு சுத்தமான வார்த்தை, டைரக்டருக்கு அதை மட்டும் காது கேட்பதில்லை. “பழைய வீடியோவைத்தான் இன்னைக்கும் போடுறாங்க, கீழ ஸ்கிரீன் கட்டியாச்சு” என்கிறாள் பியூலா. கண்ணாடியில் அவள் முகம் நீலக் கோட்டின் மேல் மிதக்கிறது. “சார் என்ன செய்யப் போறீங்க?” “ஜெல் ஓட்டிக்கிட்டிருக்கேன்.” “அது தெரியுது.”

கீறல் பெட்ரித் தட்டில் இருந்தது, தட்டிலிருந்து டைரக்டரின் செல்போனுக்குப் போயிற்று, செல்போனிலிருந்து போன வாரம் பேப்பருக்கு. ‘சர்க்கரைப் புண்ணுக்கு விடிவு, தமிழக விஞ்ஞானி சாதனை.’ என் பழைய போட்டோ, மீசையோடு. பேப்பரிலிருந்து அத்தானின் பர்ஸுக்கு. அக்கா புருஷன் வேலாயுதம், கோவில்பட்டி, அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது கால் பெருவிரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காலையில் பேசினார், குரலில் காய்ச்சல் இருந்தது, சிரிப்பும் இருந்தது. “ஏ மாப்ளே, டாக்டர் பய காலை எடுக்கணும்ங்கான். கீழ விழுந்த பப்பாளிப் பழம் பாரு எடுத்துட்டுப் போறதுக்கு. நீ அந்த மருந்தை ஒரு பொட்டலமாக் கட்டி கோயம்பேட்டுல நம்ம டிப்போ வண்டியில குடுத்துவிடு, பயலுவ கொண்டாந்து தந்துருவானுவ.” அத்தான், அது மருந்து இல்ல. “நீ அப்படித்தான் சொல்லுவ.” சத்தியமா இல்ல அத்தான், தட்டுல ஒரு கீறல், அவ்வளவுதான், அதுகூட இது செஞ்சதில்ல. “பெரிய ஆளுவ எல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாவ. பேப்பர்க்காரன் என்ன கிறுக்கனா?” இரண்டு மொழியில் படித்திருக்கிறேன், இரண்டிலும் இல்லை என்று சொல்லத் தெரியும், ஆனால் நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. என்னுடைய ‘இல்லை’ அடக்கமாகிவிடுகிறது. அந்தக் கால். காலேஜ் நாளில் லீவுக்கு அவர் வண்டியில் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் போயிருக்கிறேன், பானெட்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம், என்ஜின் சூடு தொடையில் ஏறும், நான் பள்ளத்தைப் பார்க்காமல் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால் ஓட்டுவார். “பெடல் என்ன சொல்லுதுன்னு காலுக்குக் கேக்கணும் மாப்ளே.” பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவே அந்தப் பாதம் தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலப் போய்வரும், அத்தனை பேர் உயிரும் அந்தப் பெருவிரலின் நுனியில். சர்க்கரை முதலில் தின்றது பாதத்தின் அந்தக் காதைத்தான். ஆணி குத்தியது தெரியவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து அக்காதான் கத்தியிருக்கிறாள்.

வாசலில் நிழல். டைரக்டர் சாரநாதன், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஷூ நுனிகூடக் கோட்டில் படாதபடி, கையில் பைல், பைலில் செருகிய பேனா. “கொழுந்து, இன்னும் எவ்வளவு நேரம்?” “கோடு இறங்கணும் சார்.” “வேகமா ஓட்டக்கூடாதா?” “சூடேறினா வளைஞ்சிடும் சார்.” “இதை இன்னைக்கு ஓட்டணுமா?” நல்ல கேள்வி. “முப்பத்தெட்டு உபயோகம் போட்டிருக்காங்க வக்கீல் ஆபீஸ்ல, படிச்சீங்களா? புற்றுநோய், ஞாபக மறதி, சர்க்கரைப் புண், மலட்டுத்தன்மை, வழுக்கை…” “வழுக்கைக்கு என்ன ஆதாரம் சார்?” “இல்லைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” சொல்லிவிட்டுத் தன் மண்டையைத் தானே தடவிக்கொண்டு சிரிக்கிறார், அவரை வெறுப்பதுகூடச் சுலபமில்லை. பியூலா திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள். “சார், புண்ணு விஷயத்தை எடுத்துடலாம், செத்ததும் மூடியிருக்கு.” “செத்ததைப் பத்தி எவன் கேட்டான்? ஆற்றும்னா போட்டிருக்கோம்? ஆற்றக்கூடும். பொய் எங்க இருக்கு சொல்லுங்க. பயன் இல்லாம கண்டுபிடிப்பை மட்டும் எழுதினா காப்புரிமை ஆபீஸ்ல தூக்கி எறிவான். நீங்க பேசாம உட்கார்ந்திருந்தா அங்க உங்க பழைய வாத்தியார் ஃபைல் பண்ணிடுவார், பரவாயில்லையா?” எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். “செத்ததுன்னு எல்லாரும் சொன்னப்ப அதுக்குச் சண்டை. இப்ப உயிர் இருக்கு, ஊரே மாலை போடுதுன்னா அதுக்கும் சண்டை. உங்களுக்கு என்னதான்யா வேணும்?” எனக்கு என்ன வேண்டும். கைகளைத் தூக்கி உறைகளைக் காட்டினேன், அறுவைசிகிச்சை டாக்டர் மாதிரி. அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். “நான் இங்கயே நிக்கிறேன்” என்றார், நின்றார், நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தும் விட்டார்.

கூடும். பரிசோதனைக் குழாயில் அந்த வார்த்தைக்கு எடை இருக்கிறது, நாங்கள் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு ‘இல்லாமலும் போகலாம்’ கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் அது இந்த வாசலைத் தாண்டும்போது எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது, கட்டிலில் கிடக்கிற மனிதனிடம் போய்ச் சேரும்போது ‘ஆற்றும்’ மட்டும்தான் மிச்சம். கீழே தரை குளிர்கிறது. முக்காலியின் கம்பியில் காலை வைத்துக்கொண்டேன். இடது குதிகாலில் இரண்டு மாதமாக ஒரு மரப்பு, ஷூவுக்குள் மெல்லிய துணி ஒன்று மடிந்து கிடப்பதுபோல, கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எனக்கும் சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கால் பெருவிரலை மடக்கிப் பார்க்கிறேன், இருக்கிறது, மடங்குகிறது, இருக்கிறாயடா. பயமாக இருக்கிறது என்று சொன்னால் அது அத்தானுக்காகவா எனக்காகவா. ஒருவேளை நான்தான் தப்போ. ஒருவேளை பதினேழு நிஜமாகவே ஆற்றுகிறதோ, செத்தது வேறு வழியில் ஆற்றுகிறதோ, ஐந்து வருஷம் கழித்து எவனாவது நிரூபித்தால், அப்போது அத்தான் கட்டைக்காலோடு என் வீட்டு வாசலில் நின்று நீ அன்னைக்கு ஏன் தரலை மாப்ளே என்று கேட்டால். கேட்கட்டும். அப்போது கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம், கேட்க ஆள் இருக்க வேண்டும். ஆனால் இல்லை என்று எப்படிச் சொல்வேன், எல்லோரும் இல்லை இல்லை என்றபோது இருக்கிறது என்று ஒற்றை ஆளாகக் கத்தியவன், இன்றைக்கு நானே எழுந்து இது எதையும் ஆற்றவில்லை என்றால் மறுநாள் என்ன சொல்வார்கள், செத்ததுதான் என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்பார்கள். கமிட்டியில் அந்த மார்ச்சுவரிக்காரர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். ஐஸ்பெட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அங்கே காபிக் கோப்பை கீழே வைக்கப்படாமலே ஒரு புன்னகை. பதினேழே, உனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. நீ யாருக்குப் பொட்டு வைக்கிறாய், எதற்கு வைக்கிறாய், நீ இல்லாவிட்டால் உடம்பில் என்ன நின்றுபோகும், ஒன்றும் தெரியாது. இருக்கிறாய். அது போதாது என்கிறார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து என்னிடமும் அதையே கேட்கிறார்கள், விமான நிலையத்துக்கு வந்த சித்தப்பா பெட்டியை வாங்குவதற்கு முன்னால் கேட்டார், இங்க வந்து என்ன பண்ணப்போற, அதனால என்ன பிரயோஜனம். பிரயோஜனம் பிரயோஜனம், ஒரு உயிரைப் பார்த்ததும் அதைப் பிழிந்து என்ன வரும் என்று கேட்கிற வாய்கள். ஒரு கண்ணி இல்லாததால் உயிரற்றது என்று அந்தப் பேராசிரியர் சொன்னார், உயிர் இருந்தால் முப்பத்தெட்டுப் பயன் இருந்தாக வேண்டும் என்று இவர் சொல்கிறார், இரண்டும் ஒரே அவமரியாதை, ஒன்று பனியில் நின்று செய்தது, இன்னொன்று வெயிலில் நின்று செய்வது. இரண்டுக்கும் நான் தலையாட்டமாட்டேன். மேலே ஏறி நின்று சொல்வேன், இது உயிருள்ளது, எதற்கென்று எனக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவன் போகட்டும். இப்படி மனதுக்குள் மேடை போட்டுக் கத்துவது சுலபம், உறை போட்ட கையோடு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

போன் அடிக்கிறது. தடுப்புக்கு வெளியே மேஜையில், கோமதி அக்கா என்று எழுத்து ஒளிர்கிறது, என் கை உறையில். பியூலா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள், ஆரத்தித் தட்டு பிடிப்பதுபோல இரண்டு கையாலும். “எய்யா கொழுந்து, கேக்கா?” கேக்குக்கா. பின்னால் வார்டின் இரைச்சல், ஒரு டிரம் உருளும் சத்தம், யாரோ நர்ஸைக் கூப்பிடுகிறார்கள். “பெரிய டாக்டரு இப்பதான் வந்துட்டுப் போறாரு. இன்னைக்கு நேத்து மாதிரி இல்லயாம். இப்ப எடுத்தா முழங்காலுக்குக் கீழயோட போயிருமாம். விட்டா தொடை. அதுக்கும் மேல ஏறிட்டுன்னா…” அக்கா மூக்கை உறிஞ்சுகிறாள். “விடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லணும்னுட்டாரு. அவுக கையெழுத்து இல்லாம தொடமாட்டாவளாம்.” நீ போட்டுடேன் அக்கா. “முழிச்சிக்கிட்டு நல்லாப் பேசிக்கிட்டு இருக்கிற ஆளுக்கு நான் எப்படிலே போட? தம்பி மருந்து வருதுன்னு அந்தப் பேப்பரை வார்டு பூராக் காட்டுதாவ. பக்கத்துக் கட்டில்காரன் ஒருத்தன், அவனும் கால்தான், எனக்கும் கொஞ்சம் வாங்கித் தாங்க அண்ணாச்சின்னு கெஞ்சுதான். அஞ்சு மணிக்கு உன்னை டிவியில காட்டுவாங்கன்னு ரிமோட்டை இப்பவே வாங்கித் தலைமாட்டுல வச்சாச்சு.” பியூலா போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறாள். “நீ போன்ல சொன்னா நம்பமாட்டாவ. நானும் சொல்லிப் பாத்துட்டேன், உனக்கு என்னட்டி தெரியும் விஞ்ஞானம்னுட்டாவ.” பின்னாலிருந்து அவர் குரல், மெலிந்து, ஆனாலும் ஹாரன் மாதிரி. “யாருட்டி, மாப்ளயா? சட்டையை நல்லாத் தேச்சுப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லு, வார்டே பாக்கும்!” யாரோ சிரிக்கிறார்கள். அக்கா ரகசியமாக, வாயைப் போனோடு ஒட்டிக்கொண்டு கேட்கிறாள், “எய்யா, நிசம்மாவே ஒண்ணும் இல்லயா அதுல? கொஞ்சங்கூட?” ஒன்றும் இல்லை அக்கா. புண்ணுக்கு அதுல ஒண்ணும் இல்ல. “செரி” என்றாள். அந்தச் செரியை அவள் எங்கே வைத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை. போன் அணைந்தது. வாசலில் நாற்காலி கிரீச்சிட்டது, டைரக்டர் எழுந்து நிற்கிறார், கேட்டிருக்கிறார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், முகம் ஒரு நிமிஷம் வீட்டு மனிதர் முகமாக இருந்தது. “சொந்தக்காரரா? நல்ல சர்ஜன்கிட்ட நான் பேசறேன் கொழுந்து, எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார்.” நிஜமாகத்தான் சொல்கிறார். பிறகு பைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “அது வேற, இது வேற. கலக்காதீங்க.”

அது வேறு, இது வேறு. கறுப்பு விரலிலிருந்து பாதத்துக்கும் பாதத்திலிருந்து கணுக்காலுக்கும் ஏறுகிறது, நீலம் இங்கே இறங்குகிறது, எது முதலில் போய்ச் சேரும் என்று ஒரு பைத்தியக்காரப் பந்தயம் மனதுக்குள். நிறுத்து. ஒரு மனிதன் காலை ஒரு சாயக் கோட்டோடு கட்டாதே. அக்கா சொன்னதை மட்டும் எடுத்துக்கொள். போன்ல சொன்னா நம்பமாட்டாவ. வீட்டுக்குள் சொல்கிற ‘இல்லை’ மாப்பிள்ளையின் அடக்கம், அதற்கு அங்கே மதிப்பில்லை. பேப்பரில் வந்ததை அழிக்கப் பேப்பரால்தான் முடியும். எந்த டிவி அந்த மருந்தை அவருக்குக் கொடுக்கப்போகிறதோ அதே டிவிதான் அதைத் திரும்பப் பிடுங்கவும் வேண்டும், வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டில்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது. மானம் போகும். அவருக்கும் எனக்கும். அவர் ரிமோட்டைச் சுவரில் எறிவார், எறியட்டும், எறிகிற கை இருக்கட்டும். என்னை இனி மாப்ளே என்று கூப்பிடமாட்டார், அதையும் பார்த்துக்கொள்ளலாம். கோடு அடியைத் தொட்டுவிட்டது. மின்சாரத்தை நிறுத்தினேன், பெட்டியின் ரீங்காரம் நின்றதும்தான் அது இவ்வளவு நேரம் இருந்ததே தெரிந்தது. தகடுகளை நெம்பிப் பிரித்தேன், ஜெல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, ஈர வெற்றுடம்பாக, உயிருள்ளதும் செத்ததும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில். அடியில் நீலம் நின்ற பட்டையில்தான் மிச்சக் கதிர் முழுக்க இருக்கும், வெட்டிக் கழிவுப் பெட்டிக்குள் போட்டேன், அளக்கும் கருவி படபடவென்று பொரிந்து அடங்கியது. “நான் ஃபிலிம் போட்டுக்கிறேன், நீங்க போங்க சார்” என்றாள் பியூலா, ஜெல்லை வாங்கிக்கொண்டே. “சட்டையில சாயம் பட்டிருக்கு. மாத்துறீங்களா?” வேண்டாம் என்றேன். மேல் உறையைக் கழற்றினேன், உள் உறையைக் கழற்றினேன், வியர்வையில் ஊறி வெளுத்து விரல்நுனிகள் சுருங்கியிருந்தன, வேறு யாருடைய கைகளோ போல. கருவியின் முன் நீட்டினேன், அது சும்மா இருந்தது. கைகளைக் கழுவினேன், துடைத்தேன். டைரக்டர் பேனாவின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டினேன்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதில்லை, அரங்கத்துக்குப் போவது, யாரும் கேள்வி கேட்பதற்கு முன்னால் மைக்கை வாங்கி இந்தப் புரதம் எந்தப் புண்ணையும் ஆற்றியதாக நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்வது, பிறகு கேமராவைப் பார்த்து, வேலாயுதம் அத்தான், விடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் காலை எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்வது என்று முடிவு செய்தேன்.